அபாயாத் தடையை விவாதத் தலைப்பாகப் போடுகிறீர்களா?

பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால், நான் ஓய்வு பெற்று ஏழு வருடமான பிறகும் யாராவது ஓர் இளம் ஆசிரியை தொலைபேசி எடுத்துக் கேட்பார். "டீச்சர், பாடசாலையிலும் வேலைத்தலத்திலும் மத ஆடையைத் தடை செய்யலாமா என்று விவாதம் வைக்கலாமா?" வையுங்கள் என்றுதான் சொல்வேன். கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில், ஒரே பஸ்ஸில் சேலையும் அபாயாவும் ஒட்டி உட்கார்ந்து போகும் இடத்தில் வளரும் பிள்ளைகள் இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஆனால் நான் முதல் முறை வைத்தது போல வைக்காதீர்கள்.

அது 2018. அந்த ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் கல்லூரியில் சில முஸ்லிம் ஆசிரியைகள் சேலைக்குப் பதில் அபாயா அணிந்து வர, பெற்றோரும் பழைய மாணவியரும் வீதிக்கு வந்திருந்தார்கள். சூட்டோடு சூடாக நானும் உயர்தர வகுப்புக்கு ஒரு தலைப்பைக் கொடுத்தேன்: "பாடசாலைகளில் மத ஆடைகள் தடை செய்யப்பட வேண்டும்." யார் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு பக்கம், முஸ்லிம் பிள்ளைகள் நாலு பேர் மறுபக்கம். அந்த நேரத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். முதல் இருவர் "அவர்கள்" என்று பேசினார்கள். மூன்றாவது பேச்சாளர் "நீங்கள்" என்றார். நாலாவது ஆள் "உங்கட ஆக்கள்" என்றார். எதிர்ப்பக்கம் இருந்த பிள்ளை பதில் சொல்லாமல் கழுத்தடியில் இருந்த குத்தூசியைக் கழற்றுவதும் திரும்பக் குத்துவதுமாக இருந்தாள். நான் மணியை அடித்தேன். மறுநாள் காலை வாசலில் இரண்டு தகப்பன்மார். பிழை பிள்ளைகளில் இல்லை, தலைப்பில்.

ஆகவே முதல் வேலை தலைப்பைப் பிரிப்பது. "மத ஆடை" என்று ஒரு பொருள் உலகத்தில் இல்லை. முகத்தை மூடும் நிகாப் வேறு, தலையையும் கழுத்தையும் மூடும் முக்காடு வேறு, உடம்பை மூடும் அபாயா வேறு. அணிபவர் மாணவியா, ஆசிரியையா, காசாளரா? விதியைப் போடுவது பாராளுமன்றமா, அதிபரா, கடை முதலாளியா? இந்த மூன்றுக்கும் விடை தலைப்பிலேயே இருக்க வேண்டும். "அரச பாடசாலை ஆசிரியைகள் விரும்பினால் அபாயா அணிந்து கற்பிக்க அனுமதிக்க வேண்டும்" நல்ல தலைப்பு. "வங்கிக்குள் வரும் எவரும் முகத்தைக் காட்ட வேண்டும்" இன்னும் நல்லது, ஏனென்றால் ஹெல்மெட்டும் அதற்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், முகத்தை மூடுவதற்கு எதிராகச் சொல்லும் வாதம் முக்காட்டில் போய் விழும். வெளியிலும் அப்படித்தான் நடந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்று வெடிக்க வைத்த குண்டுகளைப் பற்றி மட்டக்களப்பில் நான் விளக்கத் தேவையில்லை. சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். எட்டு நாளில், ஏப்ரல் 29 அன்று, அவசரகால விதியின் கீழ் தடை வந்தது. அந்தத் தடை முகத்தை மூடுவதற்கு மட்டும். அபாயாவையும் முக்காட்டையும் அது தொடவில்லை. ஆனால் முக்காடு போட்டவர்களை ஆசுபத்திரி வாசலிலும் அலுவலக வாசலிலும் மறித்த கதைகள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்டில் அவசரகால நிலை முடிய அந்த விதியும் போனது. 2021 இல் முகம் மூடுவதைத் தடுக்கும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, சட்டமாகவில்லை. அந்த நாட்களில் கொரோனாவுக்காக நாடே முகத்தை மூடிக்கொண்டு திரிந்தது என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கண்டுபிடித்துச் சொல்வார்கள். சொல்லட்டும், சபை ஒரு தரம் சிரித்தால் நல்லதுதான்.

இரண்டாவது வேலை அணி பிரிப்பது. சீட்டுக் குலுக்குங்கள். ஒவ்வோர் அணியிலும் கலந்து இருக்க வேண்டும், ஒரு முஸ்லிம் பிள்ளை தடையை ஆதரித்தும் ஒரு தமிழ்ப் பிள்ளை எதிர்த்தும் பேச நேர வேண்டும். இதில் ஒரு கவனம். எந்தப் பிள்ளையையும் தன் மார்க்கம் பிழை என்று சொல்ல வைக்காதீர்கள். தடையை ஆதரிப்பவர் விதியைப் பற்றிப் பேசலாம். மார்க்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. "இது உங்கட சமயத்தில் கட்டாயமில்லையே" என்ற வசனத்தை நான் முன்கூட்டியே தடை செய்துவிடுவேன். நீதிபதிகளே அதில் சிக்கியிருக்கிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஹிஜாப் இஸ்லாத்தின் அத்தியாவசிய நடைமுறை அல்ல என்று சொல்லி வகுப்பறைத் தடையை ஏற்றது. அதே வருடம் ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். தடைக்கு எதிராக எழுதியவர், அத்தியாவசியமா இல்லையா என்ற கேள்விக்குள் போயிருக்கவே தேவையில்லை, இது அந்தப் பிள்ளையின் தெரிவு, அவள் படிப்பதுதான் முக்கியம் என்ற பக்கம் நின்றார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நாம் அதற்கு மேல் கேட்பது நியாயமா?

இலங்கை அரசியலமைப்பை எடுத்து மேசையில் வையுங்கள், தமிழ்ப் பிரதி கிடைக்கும். மூன்று இடம் போதும். உறுப்புரை 10 மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம். 14(1)(உ) அந்த மதத்தை வெளியில் அனுட்டிக்கும் சுதந்திரம். 15(7) அந்த வெளி அனுட்டானத்தை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது: தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், பிறர் உரிமை என்று போகும், ஆனால் சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும். அந்த ஒற்றை நிபந்தனையில்தான் நல்ல விவாதம் இருக்கிறது. அதிபரின் வாய்ச்சொல் சட்டமா? வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் ஒரு கடிதம் சட்டமா? திருகோணமலை விடயத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நியாயம் கண்டது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கல்லூரிக்கு ஒரு வரலாறு உண்டு, தலைமுறையாகச் சேலைதான் அங்கே ஆசிரியையின் அடையாளம், முஸ்லிம் பாடசாலைகளுக்குப் போகும் தமிழ் ஆசிரியைகள் அந்த இடத்தின் ஒழுங்கை மதிக்கிறார்களே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை "இனவாதம்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடும் அணிக்குப் புள்ளி குறைய வேண்டும். என் மனம் ஆசிரியைகளின் பக்கம்தான், அதை ஒளிக்கவில்லை. அதனால்தான் நான் நடுவராக இருப்பதில்லை.

வெளிநாட்டு உதாரணங்களில் பிள்ளைகள் பிரான்சைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், பாதியைப் பிழையாக. 2004 சட்டம் அரச பாடசாலை மாணவர்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு இல்லை. 2010 சட்டம் பொது இடத்தில் முகத்தை மூடுவதற்கு. பாடசாலையில் அபாயாவைத் தடுத்தது 2023 இல். மூன்றையும் கலந்து "பிரான்சில் பர்தா தடை" என்று தொடங்கும் பேச்சாளரை எதிரணி சுலபமாக மடக்கும்.

நான் கொடுக்கும் உதாரணம் மூக்குத்தி. தென்னாபிரிக்காவில் டேர்பனில் ஒரு பெண்கள் உயர்பாடசாலை. 2004 இல் விடுமுறை முடிந்து ஒரு மாணவி மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். தோட்டைத் தவிர நகை கூடாது என்பது பாடசாலை விதி. தாய் எழுதிக் கொடுத்தார்: நாங்கள் தென்னிந்திய வழியில் வந்தவர்கள், பெண் பிள்ளை பருவத்துக்கு வந்தால் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதானதும் பாட்டி தங்க மூக்குத்தியை எடுத்து வைர மூக்குத்தி போட்டுவிடுவார் என்று. பாடசாலை ஏற்கவில்லை. வழக்கு மேலே மேலே போய் 2007 இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தபோது பிள்ளை படிப்பையே முடித்துவிட்டாள். தாய் பக்கம் தீர்ப்பு. மூக்குத்தி மதக் கட்டாயமா, பண்பாட்டு வழக்கமா என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம், கட்டாயம் இல்லாத வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அதுவரை விதியின் பக்கம் நின்றவர்கள் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

வேலைத்தலத்துக்கு ஒரு சோடி வழக்கு உண்டு. 2013 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு சிலுவைகளுக்குத் தீர்ப்புச் சொன்னது. விமான நிறுவன ஊழியை ஒருவர் சிலுவைச் சங்கிலி தெரியப் போடலாம் என்று வென்றார். தாதி ஒருவர் தோற்றார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், புண்ணில் படலாம் என்பது ஆசுபத்திரியின் காரணம். ஒரே சிலுவை, வேலைதான் வேறு.

இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதற்குத்தான் என் தட்டப் பயிற்சி. வீட்டு வெற்றிலைத் தட்டத்தில் இவற்றை வைத்துக்கொண்டு போவேன்: ஒரு முக்காட்டுத் துண்டு, மூன்று குத்தூசி, தொப்பி, குங்குமச் சிமிழ், உருத்திராட்ச மாலை, சிலுவைச் சங்கிலி, கோயிலில் கட்டிய காப்புக் கயிறு, அம்பாறைப் பக்கம் பௌத்தர்கள் கையில் கட்டும் வெள்ளைப் பிரித் நூல். பக்கத்தில் கடதாசித் துண்டுகளில் வேலைகள்: நெல் ஆலையில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர், சத்திரசிகிச்சைத் தாதி, வங்கிக் காசாளர், மருதமுனையில் தறியில் இருப்பவர், முதலாம் வகுப்பு ஆசிரியை, பரீட்சைக்கு வந்த மாணவி. தாளில் வேலைக்கும் பொருளுக்கும் கட்டம் போட்டு, இந்த வேலைக்கு இந்தப் பொருள் எப்படி இடைஞ்சல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு வசனம் எழுத வேண்டும். "பண்பாடு", "ஒற்றுமை", "அடையாளம்" என்ற சொற்களுக்குத் தடை. கை, கண், காது, மெஷின், கிருமி என்று எழுத வேண்டும்.

பத்து நிமிடத்தில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும். ஒரு தடவை நெல் ஆலைக் கட்டத்தில் ஒரு பெடியன் முக்காட்டைத் தூக்கி வைத்து "பெல்ட்டில் சிக்கும்" என்று எழுதினான். பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையைக் காட்டினாள். "டீச்சர், இதுதான் முதலில் சிக்கும்." உண்மைதானே. தொங்கும் துணிக்கு எதிரான விதி முதலில் சேலையைத்தான் பிடிக்கும்.

பரீட்சைக் கட்டம் வெறுமையாக வராது. காதில் கருவி இருக்கிறதா என்று மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும், அது நியாயமான தேவை. ஆனால் 2024 இல் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவியரின் உயர்தரப் பெறுபேறுகள் காதை மறைத்தார்கள் என்று நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகுதான் வெளியிடப்பட்டன. காதைப் பார்க்க எத்தனை வழி உண்டு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெண் மேற்பார்வையாளர் ஒருவர் தொடக்கத்தில் ஒதுக்குப்புறமாகப் பார்க்கலாம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தேவை வேறு, தடை வேறு என்று நான் அரை மணி நேரம் விரிவுரை எடுக்க வேண்டியதில்லை.

போட்டி நாளுக்குச் சில சின்ன விடயங்கள். நடுவர் மூவரில் இரு சமூகத்தவரும் இருக்கட்டும். கைத்தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வையுங்கள். பத்து வினாடி வீடியோவை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் பிறகு நீங்களும் அதிபரும் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லித் திரிய வேண்டும். "நீங்கள்" என்று எதிரணியைச் சமூகமாகச் சுட்டினால் மணிக்கூட்டை நிறுத்தி, "இந்த விதி" என்று தொடங்கி அதே வசனத்தைத் திரும்பச் சொல்ல வையுங்கள். முதல் முறை சபை சிரிக்கும். மூன்றாவது முறை பேச்சாளரே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். சபையின் கேள்விகளைப் பெயர் இல்லாமல் துண்டில் எழுதி வாங்கி, நீங்கள் வாசித்த பிறகே மேடைக்குக் கொடுங்கள். நடுவர் புள்ளி கூட்டும்போது எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிடுங்கள். வெற்றி அறிவித்த பிறகு கொடுத்தால் அணி அணியாகப் பிரிந்து நின்று குடிப்பார்கள்.

போன வருடம் வந்த துண்டுகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். கோணல் எழுத்தில், நிச்சயமாக ஒரு பெடியனின் எழுத்து: "2019 மே மாதம் அரச பெண் ஊழியர் எல்லாரும் சேலை அல்லது ஒசரிய (கண்டியச் சேலை) உடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததாம். அப்போ கவுன் போட்டவர்களும் சண்டை பிடித்தார்களா?" பிடித்தார்கள், எதிர்ப்பு வந்து சுற்றறிக்கையை மாற்றினார்கள் என்று மேடையில் இருந்தவள் சரியாகச் சொன்னாள். அடியில் இன்னொரு வரி இருந்தது, அதை நான் வாசிக்கவில்லை. "டீச்சர் மட்டும் ஏன் எப்பவும் சேலை?"

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது பொதுவில் பதில் சொன்னேன். எனக்கு வேறொன்றும் உடுத்துப் பழக்கமில்லை என்று. மருதமுனைப் பிள்ளை ஒருத்தி கிட்ட வந்து முந்தானையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்கட ஊர்த் தறி, டீச்சர். இந்தக் கரை என்ட வாப்பா போடுற கரை."

விலை என்னவென்று கேட்டாள். சொன்னேன். கடைக்காரன் ஏமாற்றிப்போட்டான் என்றாள்.