வீட்டு ஒயினுக்குப் பழைய பாட்டில்: கழுவி, நிரப்பி, மூடும் முறை

மாதக்கணக்கில் காத்திருந்து தெளிய வைத்த ஒயின் கெட்டுப்போக, பாட்டிலில் அடைக்கும் அந்த ஒரு நாள் போதும். அதனால் இந்த வேலையை அவசரமாகச் செய்யாதீர்கள். பாட்டில்களைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. விரிசல் இல்லாத கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவிப் பயன்படுத்தலாம். மூடி விஷயம் வேறு. எந்தப் பாட்டிலுக்கு எந்த மூடி என்பதை அதன் வாய்தான் முடிவு செய்கிறது. கழுவ உட்காரும் முன்பே வாயைப் பார்த்துவிடுங்கள்.

4.5 லிட்டர் ஒயினுக்கு 750 மில்லி பாட்டில் ஆறு தேவை. எட்டாகத் தயார் செய்துகொள்ளுங்கள், ஒன்றிரண்டு கழிந்துபோகும்.

1. வாயைப் பார்த்துப் பிரியுங்கள்

வாயின் வெளிப்பக்கம் மரை இல்லாமல், உள்ளே வழவழவென்று இருந்தால் அது கார்க் பாட்டில். இதன் கழுத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. இதற்கான கார்க்கின் விட்டமோ 24 மி.மீ. கார்க் அடிக்கும் கருவி அதை நெருக்கிச் சுருக்கி உள்ளே தள்ளுகிறது. உள்ளே போனதும் கார்க் விரிந்து கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஒயினைக் காப்பது அந்தப் பிடிதான்.

மரை இருந்தால் திருகுமூடி பாட்டில். இதில் கார்க் அடிக்காதீர்கள். அந்தக் கழுத்து கார்க்கின் நெருக்கத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கருவியை அழுத்தும்போது கையிலேயே உடையலாம். அந்த மரைக்குப் பொருந்தும் புது மூடி வாங்கிப் போடுங்கள். மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய வளையம்தான் காற்றை அடைக்கிறது. ஒருமுறை திறந்த மூடியில் அது நசுங்கியிருக்கும்.

கம்பிக் கொக்கி போட்ட பாட்டில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வசதியானது, கருவியே வேண்டாம். ஆனால் ரப்பர் வளையத்தைக் கழற்றி இழுத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ விறைத்துப் போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நுரைக்கும் ஒயின் வந்த தடித்த பாட்டில்களின் வாய் அளவு வேறு. சாதாரண கார்க் அதற்குச் சரிப்படாது, தனியே எடுத்து வையுங்கள்.

இப்போது ஒவ்வொரு பாட்டிலின் விளிம்பையும் விரல் நகத்தால் ஒரு சுற்று தடவுங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்தப் பாட்டில் வேண்டாம். எண்ணெய், மருந்து, பினாயில் வைத்திருந்த பாட்டில்களும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை வருவதில்லை.

2. கழுவுதல்

வெதுவெதுப்பான நீரில் சலவை சோடா கரைத்து, பாட்டில்களை ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் லேபிள் பெரும்பாலும் தானே உரிந்து வரும். மிச்சப் பசையைத் தேங்காய் நார் மாதிரி சொரசொரப்பான எதை வைத்தும் தேய்க்கலாம். குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றாதீர்கள், படீரென்று விரிசல் விடும்.

பாட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்து அலசியபின், ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடிவழியாகப் பாருங்கள். அடிப்பகுதி மேல்நோக்கிக் குவிந்திருக்கும் பாட்டிலில், அந்தக் குவிவைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். பழைய வண்டல் காய்ந்து ஒட்டியிருப்பது அங்கேதான். மங்கலான ஒரு வளையம் தெரிந்தாலும் திரும்ப ஊற வையுங்கள். அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது.

குளோரின் பிளீச்சைத் தவிர்ப்பது நல்லது. கார்க்கோடு குளோரினும் பூஞ்சையும் சேர்ந்தால் ஈர அட்டை மாதிரி ஒரு மக்கல் நாற்றம் ஒயினில் ஏறும். அதை எடுக்கவே முடியாது.

3. கிருமி நீக்கம்

ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் கரையுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றி, உள்ளே எல்லா இடமும் நனையும்படிச் சுழற்றி, பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்து வடிய விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த நெடி மூக்கைச் சுருக்கென்று பிடிக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் பக்கத்தில் வரவே கூடாது. டியூப், புனல், மூடிகளையும் இதே கரைசலில் முக்கி எடுங்கள். கார்க்கைக் கொதிக்க வைக்க வேண்டாம், அதன் துள்ளல் போய்விடும். கரைசலில் நனைத்து எடுத்தாலே போதும்.

4. ஒயின் அடங்கிவிட்டதா?

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நொதித்தல் முடியாத ஒயினை இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். நுரைக்கும் ஒயின் பாட்டில்கள் ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும்படி தடிமனாகச் செய்யப்படுகின்றன. சாதாரண ஒயின் பாட்டிலுக்கு அந்தப் பலம் கிடையாது. கார்க் தெறித்தால் அதிர்ஷ்டம், கண்ணாடி வெடித்தால் ஆபத்து.

இனிப்பு வேண்டும் என்று மூடும் நாளில் ஒருமுறை சர்க்கரை சேர்த்தேன். மூன்றாவது வாரம் அலமாரியைத் திறந்தபோது இரண்டு கார்க்குகள் அரை விரல் அளவு மேலே எழும்பி நின்றன. அடியில் மிஞ்சியிருந்த ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தது. கனமான துணியைப் போர்த்தி ஒவ்வொன்றாகத் திறந்தேன். வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில்தான் அந்த அலமாரி இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஒயினில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இனிப்பில்லாத ஒயினில் அளவு 0.998 அல்லது அதற்குக் கீழே வந்து, சில நாள் விட்டு அளந்தாலும் மாறாமல் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: சிறு பாட்டிலில் பாதி ஒயின் எடுத்து, வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கி, விரலை எடுங்கள். ‘புஸ்’ என்றால் வாயு இருக்கிறது, பொறுத்திருங்கள். இனிப்பாகவே வேண்டுமென்றால் சர்க்கரையோடு, ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட்டும் மெட்டாபைசல்ஃபைட்டும் அளவாகச் சேர்த்து, சில வாரம் கவனித்த பிறகே மூட வேண்டும்.

5. நிரப்பி மூடுதல்

ஜாடியிலிருந்து ஒயினை இறக்கும் டியூபின் நுனி பாட்டிலின் அடியைத் தொடட்டும். மேலேயிருந்து கொட்டினால் காற்று கலந்து நிறமும் மணமும் மங்கும். ஜாடியின் அடி வண்டலைக் கிளறாமல், கடைசி ஒரு தம்ளரை விட்டுவிடுங்கள்.

கார்க்கின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடம் விடுங்கள். சூட்டில் ஒயின் விரியும். இடமே இல்லையென்றால் கார்க்கைத் தள்ளும். அதிகம் விட்டால் அங்கே தங்கும் காற்று ஒயினைப் பழுப்பாக்கும்.

கருவியின் பிடியை ஒரே சீராக, நிற்காமல் அழுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் கார்க் கோணலாக நின்றுவிடும். அதன் தலை கண்ணாடி விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். திருகாணி துளைத்த பழைய கார்க்கைத் திரும்ப அடிக்காதீர்கள், அந்தத் துளை வழியே காற்று போகும். கழுத்தில் சூடு காட்டி ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் உறை அழகுக்குத்தான், அடைப்புக்கு அல்ல.

6. மூடிய பிறகு

கார்க் அடித்த பாட்டில்களை மூன்று நாள் நிமிர்த்தியே வையுங்கள். கார்க் உள்ளே போகும்போது அமுங்கிய காற்று மெல்ல வெளியேறும். அதன்பின் கார்க் காயாதபடி படுக்க வைக்கலாம். திருகுமூடியும் கொக்கி மூடியும் போட்டவை நின்றபடியே இருக்கட்டும். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத இடமாகப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் தினமும் கார்க்கின் தலையை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்தப் பாட்டிலை நிமிர்த்தி, சீக்கிரமே குடித்துத் தீர்த்துவிடுங்கள். மேடு தட்டினால் எல்லாப் பாட்டில்களையும் துணி போர்த்தித் திறந்து, ஜாடிக்கே திருப்பி ஊற்றி, நான்காம் படிக்குத் திரும்புங்கள்.