ஃபிஷ் டெஸ்ட்ல மூணு புள்ளி தெரிஞ்சா உடனே ட்ரைசமின்னு எழுதிடாதீங்க

ஃபிஷ்ங்கறது செல்லுக்குள்ள குரோமோசோம மின்னற புள்ளியா காட்டற டெஸ்ட், ட்ரைசமின்னா ஒரு குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கறது. புள்ளிய எண்ணியாச்சுன்னா குரோமோசோமையே எண்ணியாச்சுன்னு நெனச்சுக்கறதுதான் ஃபிஷ்ல எல்லா தப்புக்கும் ஆரம்பம். ப்ரோப்ங்கற மின்னற டிஎன்ஏ துண்டு தேடிப் போய் ஒட்டறது ஒரு டிஎன்ஏ தொடர் மேல, அவ்வளவுதான். அந்தத் தொடர் ஆளுக்கு ஆள் நீளமாவோ குட்டையாவோ இருக்கும், சில பேருக்கு வேற குரோமோசோம்லயும் கொஞ்சம் கெடக்கும், அவங்க எந்தக் கொறையும் இல்லாம நல்லாத்தான் நடமாடிட்டு இருப்பாங்க. இதுல மோசமானது சென்ட்ரோமியர் (குரோமோசோமோட இடுப்பு மாதிரி இருக்கற எடம், அதுக்கு ரெண்டு பக்கமும்தான் குட்டைக் கையும் நீளமான கையும்) ப்ரோப். 171 எழுத்து நீளத்துல ஆல்ஃபா சாட்டிலைட்னு ஒரு துண்டு, அது ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வர்ற இடம் அது, அதனாலதான் சிக்னல் அவ்வளவு பளிச்சுன்னு விழுது, ஏமாத்தறதும் அதனாலதான்.

18ஆவது குரோமோசோமையே எடுத்துக்குவோம். பனிக்குடத் தண்ணியில இருக்கற செல்ல கல்ச்சர் போடாம (லேப்ல வளக்காம) நேரா ஃபிஷ் பண்ணினா ஒண்ணு ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துடும், 13, 18, 21, எக்ஸ், ஒய் அஞ்சையும் பாத்துடலாம். 18க்கு வழக்கமா போடறது சென்ட்ரோமியர் ப்ரோப். நீல நியூக்ளியஸ் ஒவ்வொண்ணுலயும் மூணு புள்ளி தெரியுது, எட்வர்ட்ஸ் சின்ட்ரோம், அதாவது 18 மூணு இருக்குன்னு கை தானா எழுதப் போகும். ஆனா அந்த மூணாவது புள்ளி 22-ஓட சென்ட்ரோமியர்லயோ 9-லயோ உக்காந்திருந்த கேஸ் எல்லாம் ஜர்னல்கள்ல வந்திருக்கு, குழந்தைக்கு 18 ரெண்டுதான் இருந்துச்சு.

இங்கதான் ரொம்ப பேர் வழுக்கறாங்க, "50 செல்லுக்கு பதிலா 200 செல் எண்ணிட்டேன், எல்லாத்துலயும் மூணுதான், அப்போ உறுதி"ன்னு சொல்றாங்க. பரம்பரையா வர்ற வித்தியாசம் ஒவ்வொரு செல்லுலயும்தானே இருக்கும், அப்போ 2000 எண்ணினாலும் மூணாத்தான் வரும்! அதிகமா எண்ணினா அங்கங்க தெறிச்ச தூசி, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த சிக்னல் இதெல்லாம் அடிபடும், இது அடிபடாது. மூணும் ஒரே சைஸா, ஒண்ணு மட்டும் சின்னதா மங்கலா இருக்கான்னு பாருங்க, 18-ஓட நீளமான கையில ஒட்டற இன்னொரு ப்ரோப் போடுங்க, கல்ச்சர்ல மெட்டாஃபேஸ் (செல் பிரியறப்போ குரோமோசோம் தனித்தனியா தெரியற கட்டம்) வந்ததும் அந்தப் புள்ளி எந்த குரோமோசோம் மேல இருக்குன்னு கண்ணால பாருங்க. அப்பா அம்மா ரத்தத்துல அதே ப்ரோப்ப போட்டு ஒருத்தர்கிட்ட அதே மூணாவது புள்ளி வந்துச்சுன்னா முக்கால்வாசி குழப்பம் அங்கயே தீந்துடும்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஒரு 18-ல ஆல்ஃபா சாட்டிலைட் ரொம்பக் கம்மியா இருந்தா சிக்னல் கண்ணுக்கே தெரியாது, உடனே மோனோசமி, அதாவது ஒரு குரோமோசோம் கொறைச்சல்னுடுவாங்க. எக்ஸ தவிர வேற ஒரு குரோமோசோம் முழுசா ஒண்ணு கொறஞ்சா கரு பொதுவா ஆரம்பத்துலயே நின்னுடும், ஸ்கேன்ல குழந்தை நல்லா வளந்துட்டு இருக்கறப்போ அப்படி ஒரு ரிசல்ட் வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது ப்ரோப்பதான்.

13-க்கும் 21-க்கும் ஆல்ஃபா சாட்டிலைட் கிட்டத்தட்ட ஒண்ணே, 14-க்கும் 22-க்கும் அதே கதை. அதனால டவுன் சின்ட்ரோம் பாக்க 21-ஓட சென்ட்ரோமியர் ப்ரோப்ப நம்பாதீங்க, நீளமான கையில போய் ஒட்டற ப்ரோப்தான் சரி.

ஒய் விஷயமும் இப்படித்தான். ஒய்-ஓட நுனியில இருக்கற ஹெட்டரோகுரோமாட்டின்ங்கற (பெரும்பாலும் ஜீன் இல்லாத) இறுகின பகுதி சில பேருக்கு 15-ஓட குட்டைக் கையில ஒட்டிக்கிட்டு பரம்பரையா வரும், பொண்ணுங்களுக்கும் வரும், ஒரு தொந்தரவும் கெடையாது. அந்த நுனி ப்ரோப்ப மட்டும் போட்டுட்டு பொண்ணுகிட்ட ஒய் இருக்குன்னு எழுதினா அந்தக் குடும்பம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒய்-ஓட சென்ட்ரோமியர் ப்ரோப்பும் எஸ்ஆர்ஒய் (ஆணா வளர வைக்கற ஜீன்) ப்ரோப்பும் போட்டுப் பாத்துட்டு எழுதுங்க.

இதெல்லாம் மனுஷனோட இயல்பு. நாமளே உண்டாக்கற பொய்ப் புள்ளியும் இருக்கு, அது வாஷ்ல, அதாவது சரியா ஒட்டாத ப்ரோப்ப கழுவி எடுக்கறப்போ வரும். பல கிட்ல 0.4 எக்ஸ் எஸ்எஸ்சி (கழுவற உப்புக் கரைசல்), 73 டிகிரி, 2 நிமிஷம்னு போட்டிருக்கும். வாட்டர் பாத் டிஸ்ப்ளேல 73 காட்டும், ஜாடிக்குள்ள தெர்மாமீட்டர் விட்டா கம்மியா இருக்கும், அதுல குளுந்த ஸ்லைட நாலஞ்சு ஒரேயடியா எறக்கினா இன்னும் எறங்கும், சூடு பத்தலன்னா ப்ரோப் பக்கத்து வீட்டு சென்ட்ரோமியர்லயும் ஒட்டிக்கிட்டே நிக்கும். ஜாடிக்குள்ளயே அளந்து பாருங்க, சோம்பல்படாதீங்க.

கடைசியா இன்வர்ஷன் 9, அதாவது 9ஆவது குரோமோசோம்ல ஒரு துண்டு தலைகீழா திரும்பியிருக்கறது. நூத்துல ஒண்ணுலேர்ந்து மூணு பேருக்கு இருக்கற சாதாரண விஷயம், இதுக்குப் போய் ஃபிஷ் மேல ஃபிஷ் போட்டு காச கரைக்க வேணாம். கரு கலைஞ்சுட்டே இருக்குன்னு கேரியோடைப் (குரோமோசோம்களோட படம்) எடுக்க வர்ற தம்பதிக்கு ரிப்போர்ட்ல இது வந்தா, "இதான் காரணம்"னு சொல்லி வேற காரணத்த தேடறத நிறுத்திடறாங்க, அதுதான் பெரிய தப்பு. ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும்னா "இயல்பான வேறுபாடு"ங்கறத அதே வரியிலயே போடுங்க, ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல போட்டா அவங்க அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கூகுள் பண்ணி முடிச்சிருப்பாங்க.