டிரா ஆகவேண்டிய ஆட்டத்தைக் கோட்டை விடாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செஸ் போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பலர் நன்றாகவே ஆடுகிறார்கள், ஆனால் டிராவில் கைக்கு வரும் அரைப் புள்ளியை வாங்கத் தெரியாமல் தோற்றுவிட்டு வெளியே வருவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க மூவ்களை) மனப்பாடம் செய்தால் டிரா உறுதி என்று நம்புவது. கருப்பு ஆடும் பெர்லின் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் லண்டனில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவின் இ4-ஐ (ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் மூவ்), அவரோடு பட்டத்துக்கு மோதிய கிராம்னிக் இதை வைத்துத்தான் தடுத்தார். காஸ்பரோவுக்கு 15 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை, உலகப் பட்டமும் போனது. இந்த ஓப்பனிங்கில் ஒரு பிரபலமான டிரா வரிசை உண்டு: வெள்ளை ராணி டி4, இ4 என்றும் கருப்பு ராணி டி6, இ6 என்றும் மாறி மாறிப் போய் 14-ஆவது மூவில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்துவிடும். ஆனால் இதற்கு எதிராளியும் ஒத்துவர வேண்டுமே! வெள்ளை நாலாவது மூவிலேயே சிப்பாயை டி3-க்கு ஆடிவிட்டால் மனப்பாடம் அங்கேயே தீர்ந்தது, அப்புறம் சொந்தமாக யோசித்துத்தான் ஆட வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே நிலை மூன்று முறை வந்தால் தானாக டிரா ஆகிவிடும் என்று நினைப்பது. ஆகாது, கேட்டு வாங்க வேண்டும் (தானாக முடிவது ஐந்தாவது முறை வந்தால்தான்). மூவ்களை எழுதி ஆடும் ஆட்டத்தில், மேலே சொன்ன வரிசையில் கருப்பு 14-ஆவது மூவாக ராணி டி6 என்று ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும், காயைத் தொடாமல் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட வேண்டும். ஆடிவிட்டுக் கிளாக்கை அழுத்தினால் கேட்கும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். மூன்று முறையும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்ய உரிமை இருந்து, நடுவில் ராஜா நகர்ந்திருந்தால் அது அதே நிலை இல்லை. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

இது இல்லாமல், எதிராளியிடம் பேசி டிரா கேட்பதென்றால் உங்கள் மூவை ஆடி, "டிரா?" என்று கேட்டு, பிறகு கிளாக்கை அழுத்துங்கள். அவர் யோசிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவு, ஆர்பிட்டர் தண்டிக்கலாம். சில போட்டிகளில் இத்தனை மூவுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்றும் இருக்கும், ஆட்டம் தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, கை குலுக்குவது. ஒருவர் டிரா என்று நினைத்துக் கை நீட்ட, மற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள, சின்னப் பிள்ளைகள் அழும் அளவுக்குப் போகிறது. "டிராதானே?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகு கை கொடுங்கள், இரண்டு ஷீட்டிலும் அரை அரை என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.