கோடை இன்டர்ன்ஷிப் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் தேர்வு அட்டவணை வந்த பிறகுதான் பெரும்பாலான மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் ஞாபகம் வருகிறது. "லீவுல எங்கயாவது போகணும் சார், இடம் இருந்தா சொல்லுங்க" என்று ஏப்ரலில் வந்து நிற்பார்கள். கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் பொறியியல், கட்டடக்கலை, டிசைன் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் கோடை வேலைக்கு மழைக்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வழக்கமாகச் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு நவம்பரை ஒட்டி விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை ஃபெல்லோஷிப் அறிவிப்பு பிப்ரவரி வாக்கில் வரும். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் ஒரு குழுவோடு சேர்ந்து நிரல் எழுதும் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு மார்ச், ஏப்ரலில் திட்ட வரைவு கொடுக்க வேண்டும். ஆனால் அதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த மென்பொருளில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து, அந்தக் குழுவுக்கு அறிமுகமானவர்களுக்கே வாய்ப்பு அதிகம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டரை நம்பாமல் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள்.

நம் பக்கத்தில் நவம்பர் என்றால் புயல் மாதம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் கடைசித் தேதி வந்தால், டெல்லியிலோ பெங்களூருவிலோ உள்ள சர்வருக்கு நம் நிலைமை தெரியாது. ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் இடங்களில் இன்னும் முன்பே கேளுங்கள். அவர் பாடத்தில் நீங்கள் செய்த ப்ராஜெக்ட் என்ன, எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால், "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்பதைத் தாண்டி அவரால் எழுத முடியும்.

என் அனுபவத்தில் மிக அதிகமான வாய்ப்புகளைக் கெடுப்பது மெயில்தான். "ரெஸ்பெக்டட் சார்/மேடம், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு இன்ஸ்டிடியூஷன்" என்று தொடங்கும் ஒரே மெயிலை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புகிறார்கள். பெறுபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தச் சாய்கோடே காட்டிக்கொடுத்துவிடும்: இவர் சாரா மேடமா என்றுகூடப் பார்க்கவில்லை. ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் எழுதுங்கள்: "கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை அளக்க நீங்கள் வைத்த சென்சார்கள் பற்றிப் படித்தேன். எங்கள் ஊர் கடலூர் முதுநகர். இங்கே விலை குறைந்த ஒரு சென்சாரை நானே பொருத்திப் பார்த்தேன், மூன்றாவது நாள் துருப்பிடித்துவிட்டது. அதன் படமும் அளவுகளும் இணைத்திருக்கிறேன்." இப்படி வரும் மெயிலை மூடிவிட்டுப் போக ஒரு ஆராய்ச்சியாளருக்கு மனம் வராது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

டிசைன் மாணவர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவிலும் இதே குறைதான். பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு ஒரு கருவி வடிவமைத்திருப்பார்கள். பளபளவென்று கணினியில் வரைந்த படம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. முந்திரி ஓட்டு எண்ணெய் விரலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் அவர்கள் கையில் சாம்பல் தடவிக்கொள்வதைப் பார்த்தீர்களா, அட்டையில் செய்த முதல் மாதிரி ஏன் கைக்கு ஒத்துவரவில்லை, அந்த அக்கா என்ன சொன்னார், அதன் பிறகு கைப்பிடியை எப்படி மாற்றினீர்கள்? தேர்வு செய்பவர் தேடுவது இதைத்தான். உடைந்த மாதிரியின் புகைப்படத்தை ஒளித்து வைக்காதீர்கள். நான்கு ப்ராஜெக்ட் போதும். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். திறக்கவே நேரம் பிடிக்கும் பெரிய ஃபைலை அனுப்பாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் தருகிறோம், சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள் என்றால் விலகிவிடுங்கள். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் கோடை வாய்ப்பு என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2024இல் தொடங்கியபோதே அது 12 மாதத் திட்டம், முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்கு இல்லை.

பெங்களூரு போனால்தான் இன்டர்ன்ஷிப் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இந்தியவியல், சூழலியலோடு நிலவரைபடத் தொழில்நுட்பமும் உண்டு. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் சூளையில் சுடாமல் அழுத்திச் செய்யும் மண்கல்லில் வேலை நடக்கிறது. ஆனால் ஆரோவில்லில் ஒரு மாதம் மட்டும் வருகிறேன் என்றால் பல இடங்களில் தயங்குவார்கள். வேலை பழகுவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் அல்லவா? நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் கிடைக்கும் சில வார இன்பிளான்ட் டிரெயினிங் பயனுள்ளதுதான், ஆனால் அங்கே பெரும்பாலும் பார்த்துக் கற்பீர்கள். ரெஸ்யூமேயில் அதை ஆராய்ச்சி அனுபவம் என்று எழுதாதீர்கள், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். எங்கும் இடம் கிடைக்காவிட்டால், உங்கள் துறை ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுக்கொண்டு, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலையை ஒரு பட்டறையில் உட்கார்ந்து மண் பிசைவதிலிருந்து சூளை பிரிப்பதுவரை ஆவணப்படுத்துங்கள். ஒழுங்காகச் செய்தால் அதுவும் ஆராய்ச்சிதான்.

இடம் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுப்போகும் காகித வேலைகள் சில உண்டு. கல்லூரியின் தடையில்லாச் சான்றுக்கு எச்.ஓ.டி., முதல்வர் இருவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும். விடுமுறை விட்ட பிறகு அவர்களைப் பிடிப்பது கஷ்டம். தேர்வு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இடம் கொடுத்தவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சேரும் நாள், முடியும் நாள், உதவித்தொகை உண்டா, வழிகாட்டி யார் என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். டிசைன் மாணவர்கள் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அங்கே செய்த வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா, எப்போதிலிருந்து காட்டலாம்? கிளம்பும் நாளில் கேட்டால் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்பார்கள், சேரும் முன் கேட்டால் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் வந்துவிடும்.