14000, 41000: இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இணையத்தில் பித்தளைக் குத்துவிளக்குகள் விற்கிறேன். கிள்ளானுக்குப் போக வேண்டிய பார்சல் ஒன்று, பினாங்குப் பெருநிலத்தில் ஐந்து நாள் நின்றபடி, "முகவரி கிடைக்கவில்லை" என்றே காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு எண், சாலை, தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர் மூன்றையும் வாடிக்கையாளரிடம் கேட்டுச் சரிபார்த்தேன், பிழையில்லை. ஆர்டர் பக்கத்தில் முகவரியை மீண்டும் பதிந்தும் பயனில்லை, ஏனெனில் பெட்டியில் ஒட்டியிருந்தது பழைய சீட்டு. கூரியர் அலுவலகத்தை மூன்று முறை அழைத்ததும் வீண்.

ஆறாம் நாள் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அஞ்சல் குறியீடு 14000 என்றிருந்தது கண்ணில் பட்டது. அது பினாங்குப் பெருநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமின் குறியீடு, கிள்ளானுக்கு 41000. வாடிக்கையாளர் முதல் இரண்டு இலக்கங்களை மாற்றித் தட்டியிருந்தார்.

பார்சலைத் திருப்பி வரவழைத்து, சரியான முகவரியை வாடிக்கையாளரையே ஆர்டர் உரையாடலில் எழுதச் செய்து (பிறகு தகராறு வந்தால் அதுவே சான்று), புதிய சீட்டு எடுத்தேன். பழைய சீட்டை உரித்த பின்னும் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய பார்கோடு ஒன்று மிஞ்சியிருந்தது. ஸ்கேனர் அதைப் படித்தால் பெட்டி மறுபடியும் வடக்கே போகக்கூடும் என்பதால், கறுப்பு மையால் முழுவதும் அடித்தேன்.

இரண்டாம் நாள் விளக்கு கிள்ளான் சேர்ந்தது, பெரிய நிம்மதி. மறு அனுப்புக் கட்டணத்தை வாடிக்கையாளர் தயங்காமல் கொடுத்தார்.