வாளையும் தோல் உறையையும் பிரித்து வையுங்கள்

கார்பன் எஃகில் செய்த வாளைத் தோல் உறைக்குள் செருகியபடியே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வாளைத் தாங்கியில் வைத்து, உறையைத் தனியே தொங்கவிடுங்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். இவை எஃகை ஒட்டியே கிடந்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் பித்தளைத் தடுப்பில் பச்சைக் களிம்பு ஏறுவதற்கும் தோல் உரசிக் கிடப்பது ஒரு காரணம்.

வைக்கும் முன் அலகை மென்துணியால் துடைத்து, மினரல் ஆயில் இரண்டு சொட்டு விட்டு மெல்லிய படலமாகப் பரப்புங்கள். விரல் பட்ட இடத்தை விட்டுவிடாதீர்கள். வியர்வையிலுள்ள உப்பு, சில நாளில் கைரேகையை அப்படியே பழுப்புக் கோடுகளாக அலகில் பதித்துவிடும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் மெருகும் சேர்ந்து போகும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

துருப்பிடிக்காத எஃகில் செய்த அலங்கார வாள்களுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. சில மணி நேரம் உறையில் போட்டு எடுத்துச் செல்வதாலும் கெடுதல் இல்லை. ஆனால், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அலகைத் திறந்து வைக்காதீர்கள். பூட்டிய கண்ணாடி அலமாரிதான் அதற்கு இடம்.