கோடையில் காணி பார்க்கிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியில் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. நாங்கள் காணி பார்ப்பதும் அத்திவாரம் வெட்டுவதும் ரோட்டுப் போடுவதும் ஆடி, ஆவணியில். அந்த நேரம் தரை வெடித்துக் கிடக்கும், ஓடை எது மேடு எது என்றே பிடிபடாது. வெள்ளத்துக்கு நாங்கள் இடம் கொடுப்பது அங்கேதான் தொடங்குகிறது.

ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: முரசுமோட்டை, இரணைமடு, தாண்டிக்குளம். மோட்டை, மடு, குளம் எல்லாம் தண்ணீர் தங்கும் இடங்கள். பெயர் வைத்தவர்கள் மாரிகாலத்தில் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய தவறு, சின்னக் குளத்தைச் சும்மா கிடக்கும் நிலமாக நினைப்பது. எங்கள் குளங்கள் தொடராக இருப்பவை. மேல்குளம் வான் பாய்ந்தால், அதாவது நிரம்பி மிஞ்சிய தண்ணீரை வெளியே விட்டால், கீழ்க்குளம் வாங்கும், அது நிரம்பினால் அடுத்தது, கடைசியில் ஆறு, களப்பு. இடையில் ஒரு ஏக்கர்க் குளத்தைத் தூர்த்தால் என்ன ஆகும்? சராசரி 3 அடி ஆழம் என்றாலும் 37 இலட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் 370 தடவை ஏற்ற வேண்டிய தண்ணீர். அது கீழே இருக்கும் வீடுகளுக்குள்தான் போகும். அலைகரையும், அதாவது குளம் நிரம்பும்போது தண்ணீர் பரவும் விளிம்பு நிலமும், அப்படியே. கோடையில் மாடு மேய்கிற புல்வெளிதான், ஆனால் அது குளத்தின் உடம்பு. அங்கே மதில் எழுப்பக் கூடாது.

வான் பாயும் பாதையில் குடியேறுவது இன்னும் ஆபத்து. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட, கனகராயன் ஆற்றை ஒட்டிய ஊர்கள் தண்ணீரில் நின்றன. 2025 நவம்பரில் டித்வா புயலோடும் வன்னிக்கு வெள்ளம் வந்தது. குளக்கட்டு உறுதியாக இருந்தாலும் நிரம்பிய குளம் தண்ணீரை வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். அந்தப் பாதையை வயலாகவும் மருதமர நிழலாகவும் விட்டுவைப்பதுதான் சரியான திட்டமிடல்.

அப்புறம் ரோட்டு. எங்கள் ஒழுங்கையைக் கிரவல் போட்டு இரண்டு அடி உயர்த்தினார்கள். தண்ணீர் மூன்று இடத்தில் குறுக்கே போகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் ஒரே ஒரு மதகுதான் வைத்தார்கள். முதல் மாரியிலேயே அதன் வாயில் பொலித்தீனும் வைக்கோலும் அடைத்துக்கொண்டன. ரோட்டு அணைக்கட்டாகிவிட்டது. மேல்பக்கத்து நான்கு வீடுகளில் அடுப்படிவரை தண்ணீர். விடியும்போது கிரவலும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. அகலமாகத் தண்ணீர் கடக்கும் இடத்தில் ரோட்டை உயர்த்தாமல், வெள்ளம் மேலாகக் கடந்து போகும் தாழ்வான தாம்போதி கட்டுவதே நல்லது.

முற்றம் முழுக்கச் சீமெந்து போடுவதையும் விடுங்கள். ஒரு பரப்புக் காணியில் (சுமார் 250 சதுர மீற்றர்) 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஏறத்தாழ 25 ஆயிரம் லீற்றர். மண் குடிக்காவிட்டால் அயலவர் வளவு குடிக்கும்.

நகரத் திட்டத்தை நகர எல்லையோடு நிறுத்துவதும் தவறு, தண்ணீர் எல்லைக்கு வெளியே இருந்து வருகிறது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்குப் பாய்ச்சும் சின்னக் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது, பெரியவற்றை நீர்ப்பாசனத் திணைக்களம். காணி வாங்குமுன் கமநல சேவை நிலையத்திலும் கமக்கார அமைப்பிலும் விசாரியுங்கள். முடிந்தால் மழை விட்ட மறுநாள் நேரில் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, வீட்டுத் தளத்தை அதற்கு மேலே வையுங்கள்.